ரிலீவர் வரும்வரை எழ மாட்டேன்

எனக்குப் பயம் வந்தால் அதை முதலில் தெரிந்துகொள்வது என் வயிறுதான். மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் அது அவசரக் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, வெளிநடப்பும் செய்துவிடும். இப்படியொரு வயிற்றைச் சுமந்துகொண்டுதான் எங்கள் நெய்வேலிப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு நான் தேர்தல் அதிகாரியாக இருந்தேன். கதையைக் கேட்டவர்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். அவர்களைத் திருத்த வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பள்ளி, சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. படிப்பவர்களில் பாதிக்குமேல் எங்களைப் போன்ற குவார்ட்டர்ஸ்வாசிகளின் பிள்ளைகள். பெல் அடித்ததும் சைக்கிளை மிதித்தால் மர நிழலிலேயே வீடு வந்து சேர்ந்துவிடும். மீதிப் பிள்ளைகள் பக்கத்து ஊர்களான வடக்குத்திலிருந்தும் மந்தாரக்குப்பத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்தான் கதி. அந்த பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிற டிரைவருக்கே ஆச்சரியம்.

முன்பெல்லாம் அவர்கள் பள்ளிக்குள்ளேயே மரத்தடியில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு பையனின் சைக்கிள் காணாமல் போனது. உடனே பெற்றோர் சங்கம் கூடி, பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும், ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ‘வெளியாட்கள்’ என்ற சொல் அன்று பலமுறை காதில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து சைக்கிள் கிடைத்தது. அந்தப் பையன் அதை டியூஷன் வாசலில் விட்டுவிட்டு நண்பனின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சைக்கிள் திரும்பி வந்தது; தீர்மானம் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் ரோட்டோரம் நின்றார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் அவர்களுடைய புத்தகப் பையை உரசிக்கொண்டு போயின.

எங்கள் தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கம்பெனியில் பெரிய அதிகாரி. எனக்கு நேரடி மேலதிகாரி இல்லை என்றாலும், அவர் கார் போனால் நான் கையில் இருக்கும் டீயை மறைக்கிற அளவுக்குப் பெரியவர். என் மகன் எல்.கே.ஜி. சேர்ந்தபோதும் அவர்தான் தலைவர், ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோதும் அவர்தான். சங்கத் தலைவராக இருக்க வேண்டுமானால் பள்ளியில் ஒரு பிள்ளை படித்தாக வேண்டும். அவருக்கு மூன்று பிள்ளைகள். நல்ல தொலைநோக்கோடு இடைவெளி விட்டுப் பெற்றிருந்தார். ஒவ்வொரு தேர்தலும் ஏகமனதாக நடக்கும். அதாவது அவர் மனது ஒன்று, அது போதும்.

அந்த ஆண்டுப் பொதுக்குழுவில்தான் வடக்குத்து அம்மா ஒருவர் எழுந்தார். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மகள் ஏழாம் வகுப்பு.

“சார், ஸ்கூலு வுட்டதும் கேட்டப் பூட்டிடறீங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் புள்ளைங்க ரோட்டு மேலயே நின்னுகினு இருக்குதுங்க. லாரி ஒரசிகினு போவுது.”

“பாதுகாப்புக்காகத்தாம்மா பூட்டறோம்” என்றார் தலைவர்.

“யாரு பாதுகாப்புக்குங்க?”

“உள்ள இருக்கறவங்க பாதுகாப்புக்கு.”

“பூட்டனப்புறம் உள்ள யாருங்க இருக்காங்க?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் தனி நிர்வாகம். “இருக்குதும்மா, பெஞ்சு இருக்கு, கரும்பலகை இருக்கு. அதுங்களுக்கும் உயிர் பயம் இருக்காதா?” என்றேன். கூடமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் விரலை நீட்டினார்.

“நல்லாப் பேசறீங்களே. இந்த வருஷம் தேர்தல் அதிகாரி நீங்களே இருங்க.”

கோமாளியைத் தேர்தல் அதிகாரி ஆக்கினால் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே வடக்குத்து அம்மா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, தலைவர் பதவிக்குப் போட்டியிடுவதாகச் சொல்லி மனுவை நீட்டினார். என் வயிறு லேசாகத் தொண்டையைக் கனைத்தது.

“ஏம்மா, தலைவருக்கேவா? செயற்குழு உறுப்பினர்னு ஒண்ணு இருக்கே. மிக்சர் எல்லாம் தருவாங்க.”

“மிக்சரு எங்க வூட்லயே இருக்குதுண்ணே. எனக்குக் கேட்டுத்தான் தொறக்கணும்” என்றார். “பெரிய டீச்சரக் கேட்டன். சங்கத்துல வேற தீர்மானம் போட்டுக் குடு, நான் தொறக்கறேன்னுட்டாங்க. தலைவரு எடத்துல இருந்தாதான தீர்மானம் போட முடியும்?”

பெரிய டீச்சர் என்று அவர் சொன்னது தலைமையாசிரியையை. மனுவை வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் சங்கத்தின் பைலாவை, அதாவது விதிப் புத்தகத்தை, எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். நியாயத்தைத் தேடிப் படித்தேன் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். தேர்தல் அதிகாரி எப்படி ராஜினாமா செய்வது என்று தேடிப் படித்தேன். அதற்கு வழி இல்லை. ஆனால் வேறு விஷயங்கள் இருந்தன. பள்ளிக்கூடச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள்தான் அந்தக் காலத்தில் எங்கள் பிளாக்கில் இருந்த மனமகிழ் மன்றத்தையும் நடத்தியவர்கள். புதிதாக விதி எழுதச் சோம்பல்பட்டு, மன்றத்தின் பைலாவையே எடுத்து ‘மன்றம்’ வருகிற இடத்தில் எல்லாம் ‘சங்கம்’ என்று போட்டு நிறைவேற்றியிருக்கிறார்கள். அதனால் எங்கள் பெற்றோர் சங்கத்தில் சீட்டாட்டத்தின்போது உரக்கப் பேசக் கூடாது. விருந்தினரை அழைத்துவந்தால் அவர் இறகுப்பந்து மட்டையைத் தொடக் கூடாது. நானும் பத்து ஆண்டுகளாக உறுப்பினர். ஒரு மட்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

மனுக்களைப் பரிசீலிக்கும் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. தலைவர், அவருடைய ஆட்கள் சிலர், வடக்குத்து அம்மா, நான். கூடவே என் வயிறு.

“இந்த மனு செல்லாது” என்றார் தலைவர், உட்காருவதற்கு முன்பே. “நாலாவது விதி. பதவிக்கு நிக்கறவங்க குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கணும். இவங்க வடக்குத்து. நிராகரிச்சுக் கையெழுத்துப் போடுங்க.”

“எம்மவளச் சேக்கறப்ப கையெழுத்துப் போட்டது நானு. அப்ப குவார்ட்டர்ஸானு ஒர்த்தரும் கேக்கல” என்றார் வடக்குத்து அம்மா.

“உறுப்பினரா இருக்கலாம்மா. பதவிக்கு வர முடியாது. நான் என்ன பண்ண? பைலா பைலாதான்.”

“கரி தோண்டறது எங்க கொல்லையில. கேட்டு மட்டும் உங்களுதா?”

சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்க்காரர்கள் அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், தலைவர் பக்கத்திலேயே. அவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். மற்ற எல்லோரும் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு பைலாவைப் புரட்டினேன்.

“சார், நாலாவது விதி செல்லும்தானே?”

“செல்லும்னுதானே சொல்றேன்.”

“அப்போ ஒன்பதாவதும் செல்லணும் இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சத்தமாகப் படித்தேன். “வெள்ளை கான்வாஸ் ஷூ அணியாத எந்த உறுப்பினரும் சங்கத்தின் நடவடிக்கைகளில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட மாட்டார்.”

அத்தனை தலைகளும் மேசைக்கு அடியில் குனிந்தன. தலைவர் பழுப்புத் தோல் செருப்பு. அவருடைய வலது கை மாதிரி இருந்த ஒரு சுரங்க ஆபரேட்டர் ரப்பர் செருப்பு. அவர் காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“காமெடி பண்ணாதீங்க” என்றார் தலைவர்.

“பைலாவுல காமெடி பண்ற அதிகாரம் எனக்கு இல்லீங்க சார். நாலை வெச்சுக்கணும்னா ஒன்பதையும் வெச்சுக்கணும். அப்போ இந்த ரூம்ல கூட்டம் நடத்தவே ஆள் இல்ல. ரெண்டும் வேணாம்னா அம்மாவோட மனு செல்லும். நீங்களே சொல்லுங்க.”

ஆபரேட்டர்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். சிரிப்பு ஒருமுறை கிளம்பிவிட்டால் அதன்மேல் பைலாவை வைத்து அழுத்த முடியாது. நான் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மையில் விழுந்த எறும்பு கரையேறி வீட்டுக்குப் போன தடம் மாதிரி இருந்தது அது. வங்கிக்காரன் பார்த்தால் என்னை உள்ளே தள்ளியிருப்பான்.

வெளியே வந்ததும் வடக்குத்து அம்மா, “நல்லாக் கேட்டீங்கண்ணே” என்றார். நான் பதில் சொல்ல நிற்கவில்லை. பள்ளியின் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுதான் அப்போது என் ஒரே கேள்வி.

மறுநாள் தலைவரிடமிருந்து போன் வந்தது. குரலில் தேன்.

“நீங்க கீழ்த்தளத்துல வீடு கேட்டு மனு போட்டிருக்கீங்க இல்ல? வீட்டம்மாவுக்கு முட்டி வலின்னு?”

“ஆமாங்க சார்.”

“பாக்கறேன். பாக்கலாம். தேர்தல் நல்லபடியா முடியட்டும்.”

போனை வைத்ததும் நான் எல்லாவற்றையும் கற்பனை செய்துவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஃபிரிட்ஜையும் மாமியாரையும் மினி லாரியில் ஏற்றி வடலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்குகிறேன். ஆயுள் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட் மட்டும். பகல் என்றால் எப்படி இருக்கும் என்று என் மகனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். முட்டியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உங்களை எங்க மாத்துவாங்க? மைன்ஸுக்குக் கீழ இன்னொரு மைன்ஸ் இருக்கா?”

“உன் முட்டி?”

“என் முட்டியைச் சாக்காச் சொல்லி நீங்க யாருக்காவது கையெழுத்துப் போட்டீங்கன்னு வைங்க, இந்த முட்டியாலயே ஒண்ணு விடுவேன்.”

இரண்டு பக்கமும் பயம். எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குப் பயப்படுவது என் கொள்கை. மனைவி சொன்னபடியே நடப்பது என்று தீர்மானித்தேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் ஆரம்பித்து மதியம் இரண்டு மணியோடு ஓட்டுப்பதிவு முடியும் என்பது அறிவிப்பு. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சானாலும் சரி, தண்ணீர்த் தொட்டி கழுவுவதானாலும் சரி, எல்லாம் ஷிஃப்டை ஒட்டியே நேரம் குறிப்பார்கள். இரண்டு மணி என்றால் ஷிஃப்ட் மாறுகிற சங்கு ஊதும், நினைவில் நிற்கும். யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. ஆபீஸ்காரர்களுக்கு ஞாயிறு லீவு. சுரங்கத்துக்கு ஏது ஞாயிறு? பள்ளியில் சேர்த்தபோது யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் ஓட்டுப் போட முடியும், பெரும்பாலும் அப்பாக்கள். வடக்குத்து, மந்தாரக்குப்பத்து அப்பாக்களில் பெரும் பகுதி அன்று ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இருந்தார்கள்.

மதியம் நெருங்கும்போது வடக்குத்து அம்மா என் மேசைக்கு வந்தார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கலக்கம் தெரிந்தது.

“ண்ணே, எங்க ஆளுங்க ஒர்த்தரும் வரல. சங்கு ஊதனாத்தான் மேல வருவாங்க. பஸ்ஸு புடிச்சு வரதுக்குள்ள பொட்டிய மூடிடுவீங்களா?”

“அறிவிப்புல ரெண்டு மணின்னு இருக்கேம்மா.”

“அப்ப நாளைக்கும் புள்ளைங்க ரோட்டுலதான்” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது மறுத்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து என் வயிறு வேலையை ஆரம்பித்தது. காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது இப்போது கொடியைத் தூக்கிவிட்டது. இரண்டு மணிச் சங்கு ஊதியது. தலைவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“டைம் ஆச்சு. பெட்டியை சீல் வெச்சிட்டு எந்திரிங்க.”

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் அசைந்ததும் வயிறு கடைசி எச்சரிக்கை கொடுத்தது. இந்த நிமிஷம் எழுந்தால் பெற்றோர் சங்கத்தின் வரலாற்றில் வேறு காரணத்துக்காக இடம்பிடித்துவிடுவேன் என்று புரிந்தது. அப்படியே இறுக்கமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே. சுவரோரம் நின்ற அம்மாவைப் பார்த்தேன். வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

“எந்திரிக்க முடியாதுங்க சார். ரிலீவர் வரல.”

“என்ன ரிலீவர்?”

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். கரியைச் சுமந்துகொண்டு பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சங்கு ஊதிவிட்டது என்று எழுந்து வர முடியாது. அடுத்த ஷிஃப்ட்காரன் நேரில் வந்து, “சரிப்பா, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னால்தான் இடத்தை விடலாம். அவன்தான் ரிலீவர். என் கல்யாண வரவேற்புக்கே ரிலீவர் தாமதமாக வந்ததால் தாமதமாகப் போனவன் நான். மேடையில் மனைவி ஒரு மணிநேரம் தனியாக நின்று மொய்க் கவர் வாங்கினாள்.

“என்னைப் பொதுக்குழு இங்க உக்கார வெச்சுது. இன்னும் ரிலீவ் பண்ண ஆள் வரல. அடியில இருக்கற நம்ம ஆளுங்க மேல வந்துகிட்டு இருக்காங்க. அதுக்குள்ள பெட்டியை மூடினா, பெல்ட் ஓடறப்ப எந்திரிச்சுப் போன மாதிரி.”

“யோவ், இது எலெக்‌ஷன், பெல்ட் இல்ல!”

“எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான் சார்.”

தலைவர் தன் வலது கையைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க, பெட்டியை எடுங்க” என்றார். அந்த ரப்பர் செருப்பு ஆபரேட்டர் எழுந்தார். இரண்டு அடி வந்தார். நின்றார். இருபது வருடம் சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர் அவர்.

“ரிலீவர் இல்லாம எப்படிங்க சார் எந்திரிப்பாரு?” என்றார்.

எனக்கு ஆதரவாக அவர் பேசவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருடைய உடம்பு பேசிவிட்டது. சுற்றி நின்ற ஷிஃப்ட்காரர்கள், குவார்ட்டர்ஸ்காரர்கள், தலைவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூட, “அதானே” என்றார்கள். “ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல நம்ம பிளாக் ஆளுங்களும் இருக்காங்களே” என்றார் ஒருவர். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நீயா நானா பார்ப்போம் என்கிற உட்காரல். நான் வியர்வையில் குளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கண்ணையே பார்த்தேன். வேறு எங்கே பார்த்தாலும் கட்டுப்பாடு போய்விடும் என்று பயம். ‘என்னா முறைப்பு முறைச்சாருப்பா’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் பழுப்புத் தூசியோடு, கூட்டமாக உள்ளே வந்தார்கள். பெர்மனென்ட், கான்ட்ராக்ட் எல்லாம் ஒரே வரிசை; தூசி எல்லோர் மேலும் ஒரே நிறம். முதலில் ஓட்டுப் போட்ட வடக்குத்துக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். விஷயம் தெரிந்த மனிதர்.

“எந்திரிண்ணே. நான் பாத்துக்கறேன்.”

அவரோடு அந்த ஆபரேட்டரையும் பெட்டிக்குக் காவலாக உட்கார வைத்தேன். பெட்டிச் சாவியை மேசைமேல் வைத்தேன். பிறகு ஓடினேன். அந்த வயதில், அந்த உடம்போடு, நான் அவ்வளவு வேகமாக ஓடியதைப் பார்த்தவர்கள் அதைக் கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வடக்குத்து அம்மா ஜெயித்தார். தலைவர், “செல்லாது, மேல எழுதிப் போடறேன்” என்றார். எழுதியும் போட்டார். அது மேலே எங்கோ இன்னும் இருக்கிறது. புதுத் தீர்மானத்தைத் தலைமையாசிரியை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“கடைசிப் பிள்ளை பஸ் ஏறுற வரைக்கும் கேட்ல ஒரு பெற்றோர் இருக்கணும். ஒருநாள் ஆள் இல்லேன்னாலும் மறுநாள் பூட்டிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“பூட்டவே வுட மாட்டோங்க டீச்சர்” என்றார் வடக்குத்து அம்மா.

அந்த ஒருநாளுக்காக முன்னாள் தலைவர் காத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கேட்டுக்கு ஷிஃப்ட் போட்டோம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வருவார்கள், நைட் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் தூக்கத்தை முடித்துக்கொண்டு வருவார்கள், கடையில் சொல்லிவிட்டு அம்மாக்கள் வருவார்கள். கேட்டு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் பஸ் கிளம்பும்வரை எழக் கூடாது. போக வேண்டியிருந்தால் அடுத்த ஆள் வந்து நிற்க வேண்டும். ஆரம்பத்தில் செக்யூரிட்டி பூட்டோடு வந்து நிற்பார். “ரிலீவர் வரலப்பா” என்போம். இப்போது அவர் பூட்டை எடுத்து வருவதே இல்லை. அந்த ரப்பர் செருப்பு ஆபரேட்டரும் புதன்கிழமைகளில் வந்து உட்காருகிறார்.

கீழ்த்தள வீடு எனக்குக் கிடைக்கவில்லை. மனைவி இன்னும் படியேறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் முன்னாள் தலைவரின் பரம்பரையில் ஒருவரை நினைவுகூர்கிறாள்.

போன வாரம் என் முறை. மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸைக் காணோம். பிள்ளைகள் பள்ளித் தாழ்வாரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். முன்னாள் தலைவரின் கார் வந்து கேட்டை ஒட்டி நின்றது. கண்ணாடி இறங்கியது.

“எத்தனை நாளைக்கு இப்படி உக்காந்துகிட்டே இருப்பீங்க?”

பழைய ஞாபகத்தில் என் வயிறு துள்ளி எழுந்தது. உட்காருடா என்றேன் அதனிடம்.

“ரிலீவர் வர்ற வரைக்கும் சார்” என்றேன் அவரிடம்.

கண்ணாடி ஏறியது. கார் நகரவில்லை. நானும் நகரவில்லை. பின்னால் ஏழாம் வகுப்புக் குரல் ஒன்று, “பஸ்ஸு இன்னும் வரல, இன்னோரு ஆட்டம் போடலாம் வாங்கடி” என்று கூப்பிட்டது.